கரட்டுக்குப் பின்னால் டவர் இல்லை

அந்த விளம்பரத் தாளில் ஒரு படம் போட்டிருந்தார்கள். பச்சைப்பசேலென்று ஒரு மலைப்பாதை. அதில் வெள்ளை உடுப்பில் ஓர் ஆணும் பெண்ணும் கைகோத்து நடந்து போகிறார்கள். அவனும் சிரிக்கிறான், அவளும் சிரிக்கிறாள். இரண்டு பேர் கையிலும் செல்போன் இல்லை. அந்த வீட்டை வாங்கியே ஆகவேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றது இந்தப் படத்தைப் பார்த்துத்தான். இதை இப்போது சொன்னாலும் என் வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டும்.

அப்போது நாங்கள் திருப்பூர் மண்ணரையில் எங்கள் பனியன் கம்பெனிக்கு மேலேயே குடியிருந்தோம். கீழே தையல், அதற்கு மேல் செக்கிங்கும் அயர்னிங்கும், அதற்கும் மேல் நாங்கள். காலையில் கீழே ஓவர்லாக் மெஷின்கள் ஓட ஆரம்பித்தால் எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் நடுங்கும். ஞாயிற்றுக்கிழமை மெஷின் நின்றால் எனக்குக் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படித்தான். அந்தச் சத்தத்தில்தான் சமைத்தோம், சண்டை போட்டோம், பெண்ணை வளர்த்துக் கட்டிக் கொடுத்தோம். அதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் எதுவும் இருந்ததில்லை.

வருத்தம் வந்தது இவருக்கு நெஞ்சு வலித்தபோதுதான். ஷிப்மென்ட் போகிற நேரம். கேஸ் என்று சொல்லி சோடா குடித்துவிட்டு, பெட்டி ஒட்டுகிற இடத்தில் நின்றிருக்கிறார். அங்கேயே சாய்ந்துவிட்டார். கோயமுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துவிட்டார். வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் எங்கள் இருவரையும் எதிரில் உட்காரவைத்தார்.

"மொதல்ல கம்பெனிக்கு மேல குடியிருக்கறதை விடுங்க. தெனமும் நடங்க. நடக்கலீன்னா அடுத்த தடவை என்கிட்ட வர வேண்டிய வேலையே இருக்காதுங்க."

திரும்பி இவரைப் பார்த்தேன். மேசைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு, போனில் வந்த மெசேஜைப் படித்துக்கொண்டிருந்தார்.

அதனால்தான் அந்த வீடு. ஊத்துக்குளிப் பக்கம், காடு தோட்டங்களுக்கு நடுவில், ஒரு மலையடிவாரத்தைச் சுற்றிக் காம்பவுண்ட் போட்டு, வாசலில் பெரிய கேட் வைத்து, ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். மலை என்று நான் சொல்வது அவர்கள் சொன்னதை. சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் அது கரடு. பாறையும் வேலமரமும் கள்ளியும் உள்ள ஒரு கரடு. எங்கள் சம்பந்தியம்மா முதல் தடவை வந்தபோது காரிலிருந்து இறங்கி அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதைத்தான் மலைன்னு சொல்லி வித்தானாக்கும்?" என்று கேட்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

வசதிகளுக்குக் குறைவில்லை. நீச்சல் குளம், டென்னிஸ் கோர்ட், கயிறு கட்டி ஏறிப் பழகுவதற்கு ஒரு செயற்கைச் சுவர், கூடாரம் அடித்துத் தீ மூட்டி உட்காருவதற்கு ஒரு மைதானம். எல்லாவற்றுக்கும் மேலாக, கரட்டைச் சுற்றிக் கல் பதித்த நடைபாதை. முன்பக்கம் சமமாகப் போய், பின்பக்கம் ஒரு மேடு ஏறி இறங்கி, மறுபடி கேட்டுக்கே வந்து சேரும். ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் டாக்டர் சொன்ன கணக்குக்குச் சரியாக இருக்கும். நான் முதலில் தனியாக நடந்து பார்த்துவிட்டுத்தான் சரி சொன்னேன்.

நான் நினைக்காமல் விட்டது ஒன்றுதான். அங்கே வீடு வாங்கியவர்கள் யார் என்பது. எல்லாரும் எங்களை மாதிரித்தான். துணி பின்னுகிற நிட்டிங் மெஷின் வைத்திருப்பவர், எலாஸ்டிக் கம்பெனிக்காரர், அட்டைப்பெட்டி செய்பவர், சாயப்பட்டறைக்காரர், மிச்சமெல்லாம் எக்ஸ்போர்ட். திருப்பூரிலிருந்து தப்பித்து வந்தோம் என்று பார்த்தால், திருப்பூரே காரைப் பிடித்து எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

அவர்கள் அந்த வசதிகளை என்ன பாடு படுத்தினார்கள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். தோட்டம் துரவு உள்ளவர்கள் டென்னிஸ் கோர்ட்டில் நிலக்கடலை காயப்போட்டார்கள். அத்தனை சுத்தமான சிமென்ட் தரையைச் சும்மா விட மனசு வராதுதானே. கயிறு கட்டி ஏறுகிற சுவரில் யாரோ ஜமக்காளத்தைத் துவைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். தீ மூட்டுகிற மைதானத்தில் மாதம் தவறாமல் யாராவது கிடா விருந்து போட்டார்கள். நீச்சல் குளத்தைத் திறந்துவைத்த அன்று எல்லோரும் சுற்றி நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீரபாண்டியில் சாயப்பட்டறை வைத்திருந்தவர் குனிந்து கொஞ்சம் கையில் அள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"போட்டோல இருந்ததுக்கும் இதுக்கும் ஷேடு மாறுதுங்க. கொஞ்சம் டார்க்கா இருக்குது" என்றார்.

"லாட்டு மாறியிருக்குமுங்க" என்றார் பக்கத்தில் நின்றவர், சாயம் போட்டு வந்த துணியைச் சொல்கிற மாதிரி. யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் தலையில் அடித்துக்கொண்டேன்.

நடைபாதைக்கு வருகிறேன். இவருக்கு நல்ல ஷூ வாங்கிக் கொடுத்தேன். சட்டை வாங்க விடவில்லை. கம்பெனியில் ரிஜக்ட் ஆன ஆரஞ்சு டி-ஷர்ட் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே, அதை வைத்துக்கொண்டு கடையில் போய்ச் சட்டை வாங்குவார்களா என்றார். அதில் ஒரு கை நீளம், இன்னொரு கை குட்டை. போகட்டும் என்று விட்டேன். சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்ததும் காபி கொடுத்து, ஷூவை எடுத்து முன்னால் வைத்து, "ஏனுங்க, கெளம்புங்க" என்று கேட் வரை தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தேன்.

திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வந்ததும் வேர்வையைத் துடைத்துக்கொள்வார். நானும் மனசுக்குள் அந்த டாக்டரை நினைத்துக் கும்பிட்டுக்கொள்வேன். கொஞ்ச நாள் கழித்துத்தான் ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன்.

டென்னிஸ் கோர்ட்டில் நின்றுகொண்டிருந்தார். இவர் மட்டுமா, காலனி ஆம்பிளைகள் முக்கால்வாசிப் பேர் அங்கேதான். எல்லோர் காதிலும் போன். ஒருவர் வலையைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் நிலக்கடலையை மிதிக்காமல் ஓரமாக, ஒருவர் நடுவர் உட்காருகிற உயர நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு. எல்லார் வாயிலும் ஒரே பேச்சு. "எஸ் சார், நோ ப்ராப்ளம் சார், டுமாரோ சார், ஷ்யூர் சார்." வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிற பையர்களுக்கு நம் சாயங்காலம்தான் வேலை மும்முரமான நேரம். அந்த நேரத்தில் போனை எடுக்கவில்லை என்றால் ஆர்டர் அடுத்த கம்பெனிக்குப் போய்விடும். அந்தக் காம்பவுண்டுக்குள் போன் உருப்படியாகக் கேட்பது டென்னிஸ் கோர்ட்டில் மட்டும்தான். வீடுகளில் நின்றால் விட்டுவிட்டுக் கேட்கும். நடைபாதையில் முதல் வளைவு திரும்பினால் கரடு மறைத்துக்கொள்ளும், டவர் சுத்தமாகப் போய்விடும்.

"பின்னால போனா டவர் கட்டாயிருது அம்மிணி. நான் என்ன பண்றது?" என்றார் வீட்டுக்கு வந்ததும்.

"போனை ஊட்டுல வெச்சுட்டுப் போறது."

"போனை வெச்சுட்டா?" காலை வெட்டி வைத்துவிட்டுப் போகச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார்.

பிறகு தினமும் இதே சண்டைதான். ஷூவை எடுத்து வைப்பேன், முறைப்பார். போனைப் பிடுங்கி அரிசி டப்பாவில் ஒளித்து வைப்பேன், அது அங்கேயிருந்து அடிக்கும். விடிவதற்குள் எழுப்பி நடக்கக் கூட்டிப்போகப் பார்த்தேன். கட்டிங் மாஸ்டர் வரும் முன்னால் கம்பெனியில் இருக்கவேண்டும் என்று காரில் ஏறிவிடுவார். எதிர்வீட்டு அம்மாவிடம் சொல்லிப் புலம்பினேன். "எங்கூட்டுல மட்டும் என்னங்க வாழுது? அவரு அந்த ஒசர நாற்காலியில ஏறி உக்காந்துக்கறாரு. எறங்கறதே இல்ல" என்றார். அவருக்கு அது தலைவலி. எனக்கு அது உயிர்ப் பிரச்சினை. அவர் கணவருக்கு நெஞ்சில் அடைப்பு இல்லை.

ஒருநாள் அழுதேவிட்டேன். அதைப் பார்த்து மனசு இறங்கி, போனை வீட்டில் வைத்துவிட்டு என்னோடு வருவதாக ஒப்புக்கொண்டார். விளம்பரத்தில் இருக்கிற மாதிரியே இரண்டு பேரும் கிளம்பினோம். கைகோத்துக்கொள்ளவில்லை, அதெல்லாம் எங்களுக்குப் பழக்கமில்லை. முதல் வளைவு வரை சும்மா வந்தார். அடிக்கடி கை மட்டும் சட்டைப் பைக்குப் போய்த் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பும். நான் மயில் ஒன்றைக் காட்டினேன். பார்த்தார். மேட்டுப் பக்கம் திரும்புகிற இடத்தில் நின்றுவிட்டார்.

"பையர் இன்னைக்கு ஷேடு அப்ரூவல் சொல்றேன்னு சொன்னானே" என்றார். யாரிடமோ சொல்கிற மாதிரி இருந்தது.

"நாளைக்குச் சொல்லட்டுமுங்க."

"துணி சாயத்துக்குப் போயாகணும் புள்ள." திரும்பி ஓட ஆரம்பித்துவிட்டார். நடை இல்லை, ஓட்டம். கோபத்தில் நான் பின்னால் போகவில்லை. மெதுவாக வீட்டுக்கு வந்து பார்த்தால் போனைக் கையில் பிடித்தபடி ஹாலில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். முகமெல்லாம் வேர்வை, இன்னொரு கை நெஞ்சில். எனக்கு உயிரே போய்விட்டது. மறுபடி கார், மறுபடி கோயமுத்தூர். நல்லவேளை, மூச்சு வாங்கியதுதான், வேறொன்றுமில்லை என்றார்கள். ஆனால் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டருக்கு முகம் சரியில்லை. கொழுப்பு முன்னைவிட மோசம் என்றார்.

"நான் ஓடச் சொல்லலீங்க, நடக்கத்தான் சொன்னேன். அதும் பண்ணலீன்னா எப்புடிங்க?" என்று என்னைத்தான் கேட்டார். இவரைப் பெற்று வளர்த்ததே நான்தான் என்கிற மாதிரி.

இந்த நிலைமையில்தான் அசோசியேஷன் கூட்டம் நடந்தது. கரட்டு உச்சியில் சூரிய உதயம் பார்ப்பதற்கு என்று ஒரு சின்ன மண்டபம் கட்டி வைத்திருந்தார்கள். அதற்குப் பக்கத்துப் பாறையில் செல்போன் டவர் வைக்க ஒரு கம்பெனி கேட்டிருக்கிறதாம். தலைவராக இருந்த எலாஸ்டிக் கம்பெனிக்காரர் எழுந்து, புரொடக்சன் மீட்டிங் நடத்துகிற அவசரத்தில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடித்தார். "யாருக்காச்சும் அப்ஜெக்சனுங்களா?" ஆம்பிளைகள் அத்தனை பேரும் இல்லை என்று தலையாட்டினார்கள். அவ்வளவு ஒற்றுமையை அந்தக் காலனியில் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

நான் எழுந்தேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. விளம்பரத் தாளை எடுத்துக்கொண்டு போயிருந்தேன், அதை விரித்துக் காட்டினேன்.

"மலை, காத்து, நடைபாதைன்னு சொல்லித்தானுங்க வித்தாங்க. இந்தப் படத்துல எங்கீங்க டவர் இருக்குது?"

தலைவர் படத்தை வாங்கிப் பொறுமையாகப் பார்த்தார். "படத்துல இருக்கறவரு எந்தப் பையருக்கும் வேலை செய்யலீங்களே அம்மிணி" என்றார்.

கூட்டம் சிரித்தது. இவரும் சிரித்தார், அதுதான் எனக்குத் தாளவில்லை. இவர் உயிருக்காகத்தானே நான் எல்லார் முன்னாலும் எழுந்து நின்றது. நான்கு கால் வைத்து, சிவப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்து, அந்தக் கரட்டு உச்சியில் டவர் நின்றுவிட்டது. என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரில் அதுதான். டவர் வேலை நடந்த நாளெல்லாம் நான் இவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இவர் அதைக் கவனித்தாரா என்பதே சந்தேகம்.

டவர் வேலை செய்ய ஆரம்பித்த அன்று சாயங்காலம் ஜன்னலில் நின்று கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன். கரட்டுச் சரிவில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ நகர்ந்தது. உற்றுப் பார்த்தேன். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. காதில் போன். இன்னொரு கையை ஆட்டி ஆட்டி யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டு, இவர் மேட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். கரட்டுக்குப் பின்னால் மறைந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் வெளியே வந்தார். நிற்கவில்லை. சுற்றி முடித்துக் கேட்டுக்கு வந்தவர் பேச்சு முடியாததால் இரண்டாவது சுற்றும் கிளம்பிவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மண்ணரையில் இத்தனை வருடம் நான் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்ததுதான். கம்பெனிக்குள் மெஷின் சத்தத்தில் போனில் ஒன்றும் கேட்காது. அதனால் போன் அடித்தால் எழுந்து வெளியே தெருவுக்கு வந்துவிடுவார்கள். தெருவில் நின்றால் டெம்போக்காரன் ஹாரன் அடிப்பான். அதனால் நடந்துகொண்டே பேசுவார்கள். எங்கள் தெருவில் எந்த நேரத்திலும் நாலைந்து முதலாளிகள் காதில் போனோடு குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருப்பார்கள். ஒருதடவை இவர் பேசிக்கொண்டே போய் வேறு யாரோ ஒருவர் குடோனுக்குள் நின்றிருக்கிறார். அவர்களும் டீ கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிவிட்டது. உட்கார்ந்து பேச இவருக்கு வராது. பேசாமல் நடக்கவும் வராது. டென்னிஸ் கோர்ட்டை விட்டு நகர்ந்தால் டவர் போய்விடும் என்பதால்தான் இத்தனை நாள் கட்டிப்போட்ட மாதிரி நின்றிருக்கிறார்.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. நான் கெஞ்சினேன், அழுதேன், ஷூவை எடுத்து வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு இரும்புக் கம்பம் வந்து நின்றதும் மனுஷன் மலை ஏறுகிறார். அடுத்த தடவை டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "கொழுப்பு நல்லா கொறஞ்சிருக்குதுங்களே, எப்புடிங்க?" என்று சந்தோஷமாகக் கேட்டார். "தெனமும் நடந்துக்கிட்டே நாலு பேர்கிட்டத் திட்டு வாங்கறாருங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அப்படியே கொஞ்ச காலம் நன்றாகத்தான் போனது. சாயங்காலம் ஆனால் கரட்டைச் சுற்றி ஆம்பிளைகள் கத்திக்கொண்டே நடப்பார்கள். மயில்கள் பக்கத்துத் தோட்டத்துக்குக் குடிபோய்விட்டன. நான் டவரைப் பார்க்காமல் இருக்க ஜன்னலுக்கு ஒரு திரை தைத்துப் போட்டுவிட்டேன். அதுவும் ரிஜக்ட் துணிதான்.

பிறகு அமெரிக்காவில் ஏதோ பாங்க் திவாலாகிவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். அதற்கும் நமக்கும் என்ன என்று நான் சேனலை மாற்றினேன். கொஞ்ச நாளில் எல்லா ஆர்டரும் நின்றது. தைத்ததை அனுப்பவேண்டாம் என்றார்கள். துணி சாயம் போட்டு வந்து கிடக்கிறது, வெட்டவேண்டாம் என்றார்கள். அப்புறம் வேண்டாம் என்று சொல்வதற்குக்கூட யாரும் கூப்பிடவில்லை. தெற்கத்திப் பக்கமிருந்து வந்து தைத்துக்கொண்டிருந்த குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டன. இவர் காலையில் கம்பெனிக்குப் போய் மதியமே திரும்பிவிடுவார்.

சாயங்காலம் நடைபாதையில் ஒருவரும் இல்லை. கல்லின் மேல் வேலங்காய் உதிர்ந்து கிடந்தது, மிதிக்க ஆளில்லை. இவர் முன்வாசல் ஊஞ்சலில் உட்கார்ந்து, போனை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வப்போது எடுத்து டவர் இருக்கிறதா என்று பார்ப்பார். முழு டவர் இருக்கும். நேர் மேலே நிற்கிறதே, இல்லாமல் எங்கே போகும்.

"வாங்க, ரெண்டு பேரும் நடந்துட்டு வரலாம்" என்றேன்.

"எதுக்கு?" என்றார்.

முன்பெல்லாம் முறைப்பார், சாக்குச் சொல்வார், எரிந்து விழுவார். அதற்கெல்லாம் பதில் சொல்ல எனக்குத் தெரியும். இந்த 'எதுக்கு'க்குத் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. டாக்டரிடம் வரவே மாட்டேன் என்றார். மாடி ஏறினால் மூச்சு வாங்குவது மறுபடி ஆரம்பித்திருந்தது. பெண்ணை வரவழைத்துப் பேசவைத்தேன், பேரனைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று நடந்துவரும்படி இவரிடம் சொன்னேன். ஊஞ்சலை விட்டு எழுந்து டிவி முன்னால் உட்கார்ந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் சாயங்காலம் காபி ஆறிக்கொண்டிருந்தது. சமையலறையிலிருந்து "ஏனுங்க" என்று கூப்பிட்டேன். பதிலில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். பிறகு கத்தினேன். முன்வாசலில் இருக்கிற மனுஷனுக்குக் காது கேட்காதா? எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது. சமையலறைச் சுவரில் லேண்ட்லைன் போன் ஒன்று இருந்தது. அதை எடுத்து, முன்வாசலில் உட்கார்ந்திருக்கிற என் புருஷனுக்கு நம்பரைப் போட்டேன். எடுத்ததும் நன்றாக நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்பது மட்டும்தான் என் எண்ணம்.

முன்வாசலில் போன் அடித்தது. ஊஞ்சல் சங்கிலி கிரீச்சிட்டது. யார் என்று பார்ப்பதற்கு முன்னாலேயே எழுந்துவிட்டார் போல. படி இறங்குகிற செருப்புச் சத்தம் கேட்டது. திரையை விலக்கிப் பார்த்தேன். பாதைக்குப் போய்விட்டார்.

"ஹலோ" என்றார்.

"நாந்தானுங்க."

"ம், சொல்லு." கால் நிற்கவில்லை. நடந்துகொண்டிருந்தார்.

திட்ட வந்தது எல்லாம் மறந்துவிட்டது. போனை வைத்தால் நின்றுவிடுவார் என்பது மட்டும் தெரிந்தது. "தொவரம்பருப்பு தீந்து போச்சுங்க" என்றேன். பருப்பு நிறைய இருந்தது. "அப்பறம் எண்ணெ. அப்பறம் அந்த மோட்டார் ஒரு மாதிரி சத்தம் போடுதுங்க." வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே ஜன்னலில் நின்றேன். முதல் வளைவு தாண்டினார். மேட்டுக்கு முன்னால் எனக்குப் பேச்சுத் தீர்ந்துபோனது. அங்கிருந்து திரும்பி வந்துவிட்டார். காபியை மறுபடி சூடு பண்ணிக் கொடுத்தேன். வீட்டுக்குள்ளிருந்து ஏன் போன் பண்ணினாய் என்று அவர் கேட்கவில்லை.

மறுநாளும் கூப்பிட்டேன். அதற்கு மறுநாளும். பருப்பையும் எண்ணெயையும் எத்தனை நாள் சொல்ல முடியும்? சண்டைக்கு வந்துவிட்டேன். அதற்கு எங்களிடம் சரக்கு இருந்தது. எங்கள் கல்யாணப் பந்தியில் என் அப்பாவை இவர் வீட்டு ஆட்கள் கவனிக்காமல் விட்டது, பெண்ணுக்குப் பிரசவமான அன்று இவர் கன்டெய்னர் ஏற்றிவிட்டு வந்தது, ஊட்டிக்குப் போகலாம் என்று கிளப்பிவிட்டு மேட்டுப்பாளையத்தோடு காரைத் திருப்பியது. மெஷின் சத்தத்தில் அரைகுறையாக விட்டுப்போன சண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடித்தோம். கோபம் வந்தால் இவர் நடை வேகமாகும். அதனால் பெரிய சண்டைகளை மேட்டுக்கு என்று வைத்துக்கொண்டேன்.

சில நாள் நான் பேச்சுத் தேடவேண்டிய தேவையே இல்லாமல் அவரே பேசினார். ஓடாத மெஷின் வரிசைக்கு நடுவில் நடந்தால் காது வலிக்கிறது என்றார். கம்பெனியை மூடவேண்டி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட இவ்வளவு பயம் இல்லை என்றார். முகத்தைப் பார்த்து ஒருநாளும் இதையெல்லாம் சொன்னவரில்லை. அடுப்பங்கரையில் நின்று, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதேன். அவருக்குக் கேட்கக்கூடாது, கேட்டால் நின்றுவிடுவார்.

ஆர்டர் உடனே ஒன்றும் திரும்பி வரவில்லை. இந்தச் சமயத்தில்தான் ஒருநாள் தலையணை உறையைத் துவைக்க எடுத்தபோது உள்ளே இவருடைய நெஞ்சுவலி மாத்திரைகள் கிடந்தன. தினமும் என் கையால் கொடுத்தது. முழுங்கிவிட்டேன் என்று தண்ணீரைக் குடித்துக் காட்டிவிட்டு, உறைக்குள் போட்டிருக்கிறார். நான் போனில் தொண்டை வறளப் பேசி நடக்கவைத்தது எல்லாம் எதற்கு? அன்று சாயங்காலம் நான் கூப்பிடவில்லை. எப்படியோ போகட்டும், ஊஞ்சலிலேயே கிடக்கட்டும் என்று திரையை இழுத்து மூடிவிட்டு, தட்டு முட்டுச் சாமான்களைச் சத்தமாகக் கழுவிக்கொண்டிருந்தேன்.

சுவரில் இருந்த போன் அடித்தது. கையைத் துடைக்காமலே எடுத்தேன்.

"ஏம்புள்ள, இன்னைக்குக் கூப்புடவே இல்ல?" மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

"எங்கிருக்கறீங்க?"

"கரட்டுக்குப் பின்னால. நானாத்தான் நடந்து வந்தேன். மேடு வந்திருச்சு அம்மிணி. எதாச்சும் திட்டு, ஏறிடறேன்."

அடுப்பை அணைத்தேன். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மாத்திரையிலிருந்து ஆரம்பித்தேன்.